பொவே பேராலயம் ஏன் இரண்டு முறை விழுந்தது?

பாரிஸுக்கு வடக்கே சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி பொவே என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள புனித பேதுரு பேராலயத்தைத் தொடாமல் கோதிக் கட்டடக்கலை பற்றிய பேச்சு முடிவதில்லை. அழகான கட்டடம்தான், ஆனால் அதன் பெயர் அடிபடுவது அழகுக்காக இல்லை, விழுந்ததற்காக. 1272இல் பீடப் பகுதியை, அதாவது பலிபீடம் இருக்கும் கிழக்குப் பகுதியை, கட்டி முடித்தார்கள், 1284 நவம்பர் 29 அன்று அதன் கல் கூரை இடிந்து இறங்கியது. எடுத்துக் கட்டினார்கள். 1569இல் ஆலயத்தின் நடுவில் 153 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் எழுப்பினார்கள், 1573இல் அதுவும் போயிற்று.

இதைப் பேராசை பெருநஷ்டம் என்ற ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் வழக்கம். அளவுக்கு மீறி உயரம் போனார்கள், கடவுள் கீழே தள்ளிவிட்டார், அவ்வளவுதான் கதை. எனக்கு இது ஒத்துவரவில்லை. 1284இல் விழுந்த கூரையை அதே உயரத்தில்தான் திரும்பக் கட்டினார்கள், தரையிலிருந்து ஏறத்தாழ 48 மீட்டர், அது இன்றும் நிற்கிறது, உலகத்தில் இதைவிட உயரமான கோதிக் கவிகை, அதாவது வளைந்த கல் கூரை, வேறு கிடையாது. உயரம்தான் குற்றவாளி என்றால் இரண்டாவது கூரையும் விழுந்திருக்க வேண்டுமே. ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: கட்டி முடித்த அன்றே விழாமல், 12 வருஷம் நின்றுவிட்டு ஏன் விழுந்தது?

எப்படி நிற்கிறது என்பதை முதலில்

கல்லை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். சுண்ணாம்புச் சாந்து வைத்த இணைப்புக்கு இழுவிசை தாங்கும் சக்தி கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். கோதிக் கட்டடத்தின் எல்லா வித்தையும் இதிலிருந்துதான் வருகிறது. எந்த வளைவாக இருந்தாலும் தன் கால்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். அரைவட்ட வளைவைவிடக் கூர்முனை வளைவு குறைவாகத் தள்ளும், அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கூரையின் பாரத்தை விலா வளைவுகள் தூண்தலைகளுக்கு இறக்கும். இடையில் உள்ள சுவருக்குப் பெரிய வேலை இல்லாததால் அங்கே சுவருக்குப் பதில் கண்ணாடி வைக்கலாம். மிச்சம் இருக்கும் வெளித்தள்ளலை என்ன செய்வது? அதற்குத்தான் கட்டடத்துக்கு வெளியே அந்தரத்தில் பாலம் மாதிரி வளைந்து நிற்கிற உதைவளைவு, அதாவது ஃப்ளையிங் பட்ரஸ். கூரை தள்ளுவதை அது வாங்கிக்கொண்டு, பக்கவழிகளின் தலைக்கு மேலாகத் தாண்டி, வெளியே நிற்கும் கனமான உதைசுவரிடம் ஒப்படைக்கும், அங்கிருந்து அஸ்திவாரத்துக்கு, அஸ்திவாரத்திலிருந்து மண்ணுக்கு. காற்று அடிக்கும்போதும் இதே வழிதான்.

கல் கட்டடங்களின் நிலைத்தன்மையைப் பல பதிற்றாண்டுகள் ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பொறியாளர் ஜாக் ஹேமன் ஒரு விஷயத்தை வலியுறுத்துவார். இப்படிப்பட்ட கட்டடத்தில் கல் நசுங்கிப்போகிற அளவுக்குப் பாரம் வருவதே அபூர்வம், பார்க்க வேண்டியது கல்லின் பலத்தை அல்ல, வடிவத்தைத்தான், விசையின் பாதை கல்லுக்கு உள்ளேயே ஓடுகிறதா என்பதைத்தான். இதிலிருந்து அவர் பிரபலமான ஒரு கணக்கும் சொன்னார்: சென்ட்ரிங்கைப் பிரித்த பிறகு ஒரு கல் வளைவு 5 நிமிஷம் நின்றுவிட்டால் 500 வருஷம் நிற்கும். வடிவம் சரியில்லை என்றால் அப்போதே விழும், சரியாக இருந்தால் பிறகு விழக் காரணம் இல்லை. அஸ்திவாரம் நகராத வரை, கல்லும் சாந்தும் கெடாத வரை.

பொவே இந்தக் கணக்கில் அடங்காததால்தான் பொறியாளர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 5 நிமிஷம் நின்றது, 12 வருஷமும் நின்றது, பிறகு விழுந்தது. என்றால் அந்த 12 வருஷத்தில் ஏதோ ஒன்று மெதுவாக மாறிக்கொண்டே வந்திருக்க வேண்டும், இல்லை எப்போதாவது மட்டும் வருகிற ஒரு விசை வந்து அடித்திருக்க வேண்டும்.

1225 முதல் 1272 வரை

பழைய ஆலயம் 1225இல் தீப்பிடித்த பிறகுதான் புதிய வேலை தொடங்கியது. தொடங்கியவர் ஆயர் மிலோன் த நாந்தேய். பொவேயின் ஆயர் வெறும் ஆயர் இல்லை, அந்த வட்டாரத்தின் பிரபுவும் அவர்தான், கையில் பணமும் அதிகாரமும் இருந்தது. அரசருக்கும் இவருக்கும் 1230களின் தொடக்கத்தில் பெரிய தகராறு வந்து வேலை தடைப்பட்டது, 1234இல் அவர் இறந்துபோனார். அடுத்தடுத்து ஆயர்கள் மாற, மேஸ்திரிகளும் மாற, வடிவமும் மாறிக்கொண்டே போயிற்று. ஒரே கையில் வரைந்து ஒரே மூச்சில் கட்டிய கட்டடம் என்று இதை நினைக்கக் கூடாது.

சுற்றுவட்டாரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பாரிஸின் நோத்ர் தாம் கூரை 33 மீட்டர் சுமார், ஷார்த்ர் 36க்கு மேல், ரேம்ஸ் 38, பொவேக்குப் பக்கத்திலேயே 1220இல் தொடங்கிய அமியான் 42க்கு மேல். ஒரு தலைமுறைக்குள் இத்தனை ஏற்றம். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆயராக இருந்த கியோம் த க்ரே காலத்தில் பொவேயின் திட்டத்தைக் கிட்டத்தட்ட 5 மீட்டர் கூட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. அமியானைத் தாண்ட வேண்டும் என்ற வீம்பு இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் உயரத்தோடு கூடவே இன்னொன்றையும் செய்தார்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: தூண்களை மெலிதாக வைத்தார்கள், அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை மிக அகலமாக வைத்தார்கள். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடைப்பட்ட பகுதியை அடைப்பு என்பார்கள், பீடப் பகுதியின் நேரான நீளத்துக்கு மொத்தம் மூன்றே அடைப்புகள். உள்ளே நிற்பவர்களுக்குப் பக்கவழி ஜன்னல்கள் வரை தடையில்லாமல் தெரியும், வெளிச்சம் கொட்டும். பார்க்கிறவருக்கு இது வரம். கட்டுகிறவருக்கு ஒவ்வொரு தூணும், ஒவ்வொரு உதைவளைவும் சுமக்க வேண்டிய பங்கு கூடிவிட்டது, ஒன்று கைவிட்டால் பக்கத்தில் உள்ளது ஏந்திக்கொள்ள இடமில்லை.

1284: மூன்று சந்தேகங்கள்

விழுந்தது எல்லாமே இல்லை. நேரான பகுதியின் கவிகைகள் விழுந்தன, கூடவே சில உதைவளைவுகளும். கிழக்கு முனையில் அரைவட்டமாகத் திரும்புகிற இடம் தப்பித்தது. அங்கே தூண்கள் நெருக்கமாக இருக்கின்றன. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்தேகம் சாந்தின் மேல். இதை எழுப்பியவர் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பழைய ஆலயங்களைப் பழுது பார்த்த வியோலே-ல-துய்க். அவர் பார்த்த இடம் மிகச் சின்னது. உயர்ந்த ஜன்னல் மட்டத்தில், சுவர்த்தூணுக்கு வெளிப்பக்கமாக, உதைவளைவு வந்து முட்டும் இடத்துக்குக் கீழே, இரட்டையாக மெல்லிய சிறுதூண்கள் நிற்கும். அவை நீளமான ஒற்றைக் கல்லில் செதுக்கியவை, நடுவில் இணைப்பு கிடையாது. பின்னால் உள்ள சுவர்த்தூணோ வரி வரியாக அடுக்கிக் கட்டியது, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு விரற்கடை சாந்து. சுண்ணாம்புச் சாந்து சிமென்ட் மாதிரி ஒரு மாதத்தில் இறுகிவிடாது, காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், தடித்த சுவரின் வயிற்றுக்குள் அது நடந்து முடிய வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை பாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டே இருக்கும். அடுக்கிக் கட்டிய தூண் இப்படி அமுங்க, ஒற்றைக் கல் சிறுதூண் அமுங்காமல் விறைப்பாக நிற்க, பாரம் மெல்ல மெல்ல அந்த மெல்லியதன் தலையில் ஏறும். ஒரு நாள் அது பட்டென்று ஒடியும், அதன் மேல் உட்கார்ந்திருந்த கல் சாயும், உதைவளைவுக்குப் பிடிப்பு போகும், கூரை விரியும். இந்த விளக்கத்தில் 12 வருஷத் தாமதம் தானாகவே பொருந்திவிடுகிறது. ஹேமனும் மெதுவாக அமுங்கியதுதான் காரணம் என்ற பக்கமே சாய்ந்தார்.

இரண்டாவது சந்தேகம் காற்றின் மேல். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மார்க் 1970களில் செய்த சோதனை இது. ஆலயத்தின் குறுக்குவெட்டை பிளாஸ்டிக் தகட்டில் வெட்டியெடுத்து, காற்று தள்ளுவதற்குச் சமமாக அங்கங்கே எடைகளைக் கட்டித் தொங்கவிட்டு, அடுப்பில் வைத்துச் சூடாக்கி, பிறகு மெதுவாக ஆறவிடுவார். ஆறிய பிறகு எடைகளை எடுத்துவிட்டாலும் உள்ளே ஏறிய தகைவு அப்படியே உறைந்திருக்கும். முனைவாக்கிய ஒளியில் பிடித்துப் பார்த்தால் வண்ண வரிகள் நெருக்கமாகத் தெரிகிற இடம்தான் அதிகம் வதைபடுகிற இடம். பொவேயில் அந்த இடம் எங்கே வந்தது என்றால், உதைவளைவு ஒரே தாவலில் வெளிச்சுவருக்குப் போவதில்லை, நடுவில் ஒரு தூண் மேல் கால் வைத்துப் போகிறது, அந்த இடைத்தூணில். அந்த இடைத்தூண் தனக்குக் கீழே உள்ள தூணின் மேல் நேருக்கு நேராக உட்காரவில்லை, ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பலத்த காற்றில் அங்கே இழுவிசை வருகிறது, இழுவிசை வந்தால் சாந்து விரிசல் விடும். ஆங்கிலக் கால்வாய்ப் பக்கமிருந்து குளிர்காலம்தோறும் புயல் வீசும் ஊர் அது. ஒவ்வொரு புயலுக்கும் விரிசல் கொஞ்சம் நீளும். இதிலும் 12 வருஷத் தாமதம் பொருந்துகிறது.

மூன்றாவது, இந்த ஆலயத்தை ஆராய்வதில் பல ஆண்டுகள் செலவிட்ட கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் மரே சொல்வது: அடைப்புகளின் அகலத்தையும் கட்டட வரலாற்றையும் பாருங்கள் என்பார். வடிவம் பாதியில் மாறிய கட்டடம், தாங்கிகள் அகல அகலமாக நிற்கிற கட்டடம், எந்த இடம் முதலில் கைவிடும் என்பது அதிலேயே இருக்கிறது. அரைவட்ட முனை தப்பித்தது இவருக்குச் சாதகமான சாட்சி. அதே உயரம், அதே கல், அதே சாந்து, அதே காற்று, ஆனால் தூண்கள் நெருக்கம், விழவில்லை.

மூன்றில் எது சரி என்று ஒன்றைப் பொறுக்கியெடுக்கச் சொன்னால் நான் மாட்டேன், ஏனென்றால் மூன்றும் ஒன்றையொன்று மறுப்பவை இல்லை. அகலமான அடைப்பு என்பதால் ஒவ்வொரு இடைத்தூணுக்கும் வரும் சுமை அதிகம், சுமை அதிகம் என்பதால் சாந்து அமுங்குவதன் விளைவும் அதிகம், ஏற்கெனவே கொஞ்சம் சாய்ந்து விரிசல் விட்ட தூணைத்தான் காற்று சுலபமாக அசைக்கும், விரிசலுக்குள் மழைத்தண்ணீர் போனால் சாந்து இன்னும் கரையும். அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை கொத்தனார் ஏறி, விரிசலைப் பார்த்துப் பூசியிருந்தால் கதை வேறாகியிருக்குமோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. 1284இன் மேஸ்திரிகளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். இழுவிசைக் கணக்கு என்ற ஒன்றே இல்லாத காலம், முன்மாதிரியும் இல்லாத அளவு, அவர்கள் கையில் இருந்தது அனுபவமும் தூக்குக்குண்டும் மட்டும்தான்.

பழுது பார்த்த விதத்தைப் பார்த்தால் அவர்களுடைய நோயறிதலும் தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு இரண்டு தூணுக்கும் நடுவே புதிதாக ஒரு தூணை நுழைத்தார்கள், மூன்று அடைப்பு ஆறு அடைப்பாயிற்று. நாலு பாகமாகப் பிரிந்திருந்த கவிகையை ஆறு பாகக் கவிகையாக மாற்றினார்கள், அது அப்போதே நூறு வருஷப் பழைய பாணி. கௌரவம் பார்க்கவில்லை, உயரத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைக்கு உள்ளே போய் நேரான பகுதியின் வளைவுகளைப் பார்த்தால் அவை விசித்திரமாகக் குறுகி, நீட்டிப் பிடித்த மாதிரி இருக்கும், அகலமாக இருந்ததை நடுவில் பிளந்ததன் அடையாளம் அது. பல பதிற்றாண்டுகள் இந்த வேலைக்கே போயிற்று. பிறகு நூறாண்டுப் போர், கொள்ளைநோய், அதோடு வேலை நின்றுபோனது.

1573: இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது

1500இல் மார்டின் ஷம்பீஜ் என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞரை அழைத்துக் குறுக்குக் கூடத்தை, அதாவது ஆலயத்துக்குச் சிலுவை வடிவம் கொடுக்கிற குறுக்குப் பகுதியை, தொடங்கினார்கள். 1532இல் அவர் இறந்த பிறகும் வேலை தொடர்ந்து, நூற்றாண்டின் நடுவில் முடிந்தது. இப்போது கையில் பீடப் பகுதி இருக்கிறது, குறுக்குக் கூடம் இருக்கிறது, மேற்கே மக்கள் நிற்கும் நீளமான நடுக்கூடம் மட்டும் இல்லை. அடுத்து எதைக் கட்டுவது? நடுக்கூடத்தையா, கோபுரத்தையா? கோபுரம் என்று முடிவு செய்தார்கள்.

ஜான் வாஸ்த் தலைமையில் 1560களில் வேலை நடந்து 1569இல் முடிந்தது. கல் அடுக்குகள், அவற்றின் மேல் மரக் கூம்பு, உச்சியில் சிலுவை, எல்லாம் சேர்த்து 153 மீட்டர். இங்கிலாந்தின் லிங்கன் பேராலயக் கூம்பு 1548 வாக்கில் விழுந்துவிட்டிருந்ததால், அன்றைக்கு உலகத்திலேயே உயரமான கட்டடம் பொவேயில் இருந்தது.

இதில் உள்ள தவறு எந்தக் கொத்தனாருக்கும் புரியும். கோபுரம் நாலு தூண்களின் மேல் நிற்கிறது. கிழக்கே பீடப் பகுதி முட்டுக் கொடுக்கிறது, வடக்கும் தெற்கும் குறுக்குக் கூடத்தின் இரண்டு கைகள் முட்டுக் கொடுக்கின்றன, மேற்கே வெறும் வெளி. நாலு பக்கமும் தள்ளுகிற ஒன்றுக்கு மூன்று பக்கம்தான் பிடிப்பு. அது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லப் பொறியியல் பட்டம் வேண்டாம்.

சாய்ந்தது. 1571இல் அரசரின் கல்தச்சர்கள் வந்து பார்த்துச் சொல்லியும்விட்டார்கள்: தூண்கள் மேற்குப் பக்கம் செங்குத்து விலகியிருக்கின்றன, நடுக்கூடத்தின் முதல் அடைப்புகளை உடனே கட்டி முட்டுக் கொடுங்கள். நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன நடந்தது என்றால் ஒன்றும் நடக்கவில்லை. கூடிக் கூடிப் பேசினார்கள். 1573 ஏப்ரல் நடுவில்தான் வேலையைத் தொடங்குவது என்று ஒரு வழியாக முடிவு வந்தது. ஏப்ரல் 30, ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா. மக்கள் பவனியாக வெளியே போயிருந்த நேரத்தில் கூம்பும் கல் அடுக்குகளும் மொத்தமாக இறங்கின. சில நிமிஷம் முன்பின் ஆகியிருந்தால் பெரும் சாவு விழுந்திருக்கும்.

ஆகவே 1284ஐயும் 1573ஐயும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியில்லை என்பது என் கட்சி. முதலாவது, தெரியாத எல்லைக்குள் போனவர்களுக்கு நடந்தது. இரண்டாவது, தெரிந்த பிறகும் இரண்டு வருஷம் சும்மா இருந்தவர்களுக்கு நடந்தது. அதிலும் வேர் 1571இல் இல்லை, நடுக்கூடத்துக்கு முன்னால் கோபுரம் என்று முடிவெடுத்த நாளில் இருக்கிறது. கோபுரம் பத்து ஊருக்குத் தெரியும், கொடுப்பவர்கள் மனமுவந்து கொடுப்பார்கள். நடுக்கூடத்தின் இரண்டு அடைப்புக்கு யார் பெருமைப்பட்டுப் பணம் தருவார்கள்?

விழுந்ததை அள்ளிக் குறுக்குக் கூடத்தின் கூரையைச் சரி செய்வதற்குள் பணம் தீர்ந்தது. கோபுரத்தை யாரும் திரும்ப எடுக்கவில்லை. நடுக்கூடத்தில் ஒரே ஓர் அடைப்புக்கு வேலை தொடங்கி, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிட்டார்கள், மேற்குப் பக்கத்தைத் தற்காலிகமாக ஒரு சுவர் வைத்து மூடினார்கள். நடுக்கூடம் வர வேண்டிய இடத்தில் 10ஆம் நூற்றாண்டின் குட்டையான பழைய ஆலயம் ஒன்றின் மிச்சம் இன்னும் இருக்கிறது. புதிய வேலை மேற்கே நகர நகர அதை இடித்துக்கொண்டே போக வேண்டும் என்பது திட்டம், வேலை நின்றதால் அது பிழைத்துக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டும் சும்மா இருக்கவில்லை

1940 ஜூனில் குண்டுவீச்சில் ஊரின் பழைய பகுதி பெரும்பாலும் அழிந்தது, பேராலயம் நின்றது. அதற்கு ஆபத்து வந்தது 1960களில், அதுவும் பராமரிப்பு என்ற பெயரில். உதைவளைவுகளின் தூண்களை ஒன்றோடொன்று கட்டிப் பிடித்திருந்த இரும்புக் கம்பிகள் தேவையில்லை என்று கருதிக் கழற்றிவிட்டார்கள். அவை எந்தக் காலத்தில் போட்டவை என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கழற்றியதும் காற்று அடிக்கும்போது உதைவளைவுகள் ஆடத் தொடங்கின. அவசரமாக எஃகுக் கம்பிகளைத் திரும்ப மாட்டினார்கள். கம்பி இருந்தபோது அது என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, எடுத்த பிறகுதான் தெரிந்தது. காற்றுதான் 1284இல் கூரையைச் சாய்த்தது என்ற கட்சிக்கு இது தற்செயலாகக் கிடைத்த ஒரு முழு அளவுச் சோதனை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் புதிய கம்பிகள் பழையவற்றைவிட விறைப்பானவை. கொஞ்சம் அசைந்து கொடுத்துப் பழகிய கட்டடத்தை இறுக்கிப் பிடித்தால் ஒரு இடத்தின் அசைவு வேறு எங்கேயாவது போய் வெளிப்படும் என்று கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அதில் நியாயம் தெரிகிறது.

1990களில் குறுக்குக் கூடத்தில் அசைவு தெரிந்ததால் உள்ளே மரமும் எஃகும் சேர்த்துப் பிரமாண்டமான முட்டுகளை வைத்தார்கள். 48 மீட்டர் உயரத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது கண்ணை உறுத்தும்தான். 2001இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒன்று லேசர் கருவிகளோடு போய் உள்ளும் புறமும் அளந்து ஒரு முப்பரிமாண மாதிரி எடுத்தது. அப்படி எடுத்தது நல்ல தொடக்கம், ஆனால் ஒரு தடவை அளந்தால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும், இன்னும் சாய்ந்துகொண்டிருக்கிறதா என்பது தெரியாது. அதற்கு அதே புள்ளிகளைக் கோடையிலும் குளிர்காலத்திலும், புயலுக்கு முன்னும் பின்னும், வருஷக்கணக்கில் அளந்துகொண்டே வர வேண்டும். அந்த எண்கள் கைக்கு வராமல் உள்ளே உள்ள முட்டில் ஒரு கட்டையையும், வெளியே உள்ள கம்பியில் ஒன்றையும் யாரும் தொடக் கூடாது என்பேன்.